ரகமா, ஒட்டா? குவாசுலு-நாட்டாலில் விதையும் கன்றும் வாங்கப் போகும் புதியவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கத்தில், அரை ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நான் காய்கறி போடத் தொடங்கிய முதல் ஆண்டில் தக்காளி அமோகமாகக் காய்த்தது. நாற்றுப் பண்ணை ஒன்றில் வாங்கிய ஒரு தட்டு நாற்று அது. பழங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அவற்றில் அழகானவற்றைப் பொறுக்கி விதை எடுத்து, அடுத்த ஆண்டு நாற்றுக்குக் காசு மிச்சம் என்று மகிழ்ந்து விதைத்தேன். வந்த அறுபது செடிகளில் சில கொடிபோல் ஓடின, சில முழங்கால் உயரத்தில் நின்றன, சிலவற்றில் கோலிக்குண்டு அளவுக்கே பழம் வந்தது, எஞ்சியவற்றில் பாதி காய்க்கும் முன்பே வாடிச் செத்தன. ஒரு பருவம் முழுவதும் வீண். நான் வாங்கியது வீரிய ஒட்டு விதையில் வந்த நாற்று என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அதே பிழையை நீங்கள் செய்யாமல் இருக்க, கடைக்குப் போகும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் 'ஒட்டு' என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் பேசும் நமக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. 'ஒட்டு மாங்கன்று' என்னும்போது, ஒரு வேர்ச்செடியின்மேல் வேறொரு மரத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டிய கன்று என்று பொருள். அங்கே இரண்டு மரங்களின் திசுக்கள் சேர்ந்து வளர்கின்றனவே தவிர, மரபு கலப்பதில்லை. 'வீரிய ஒட்டுத் தக்காளி' என்னும்போது, ஒரு தாய்ச்செடியின் பூவில் வேறொரு தந்தைச்செடியின் மகரந்தத்தை வைத்துப் பெற்ற விதை என்று பொருள். அங்கே மரபுதான் கலக்கிறது, கத்திக்கும் கட்டுக்கும் வேலை இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால், 'ஒட்டு' என்று கேட்டவுடன் எந்த ஒட்டு என்று திருப்பிக் கேட்பது நல்லது. குழப்பம் வராமலிருக்க, இந்தக் கட்டுரையில் முதலாவதை ஒட்டுக்கன்று என்றும் இரண்டாவதைக் கலப்பு என்றும் எழுதுகிறேன்.

2. ரகமும் கலப்பும் எதிர்ச்சொற்கள் அல்ல

'இது ரகமா, கலப்பா?' என்றுதான் நானும் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியே தவறு. ரகம் என்பது, மற்றவற்றிலிருந்து அடையாளம் காணத்தக்கதாய், தனக்குள் ஒரே சீராய், உரிய முறையில் பெருக்கினால் குணம் மாறாததாய், ஒரு பெயர் சூட்டப்பட்ட பயிர். தென்னாப்பிரிக்காவில் இதைக் 'கல்டிவர்' என்கிறார்கள். வைன் புட்டியில் எந்தத் திராட்சை என்று சொல்வதற்குக்கூட இந்தச் சொல்லைத்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். கலப்பு என்பதோ அந்தச் செடியின் பிறப்பைப் பற்றிய செய்தி: வேறுபட்ட இரு பெற்றோருக்குப் பிறந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே ஒரே செடி இரண்டாகவும் இருக்கலாம். 1925இல் ஸ்டெல்லன்போஷில் பினோ நுவாரையும் சின்சோவையும் சேர்த்து உண்டாக்கிய பினோட்டாஜ், பிறப்பால் கலப்பு, இன்று பெயர்பெற்ற ரகம். ஊரில் நமக்குத் தெரிந்த மல்லிகா மாம்பழமும் அப்படியே: நீலத்துக்கும் தசேரிக்கும் பிறந்தது, ரகமாக நிலைத்தது.

இந்த மாகாணத்தின் கரும்பு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. வெகுகாலம் இங்கே வயல்களை நிறைத்திருந்த என்சிஓ 376 என்ற கரும்பின் பெயரில் உள்ள 'சிஓ' கோயம்புத்தூரைக் குறிக்கிறது. கோயம்புத்தூரில் கலந்த விதையிலிருந்து நாட்டாலில் தேர்ந்தெடுத்த ரகம் அது. கலப்பில் பிறந்தாலும், கரணை வெட்டி நடுவதால் தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறவில்லை.

எனவே, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: இதை அடுத்த முறை எதிலிருந்து பெருக்குவது? அதற்கு மூன்று விடைகள்தான் வரும்.

முதல் விடை, அதன் விதையிலிருந்தே. தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகங்கள் இவை. கோ-ஆப் எனப்படும் கூட்டுறவுக் கடைகளில் 'ஓ.பி.' (ஓப்பன் பாலினேட்டட், அதாவது திறந்த மகரந்தச் சேர்க்கை) என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள். 'கிளெம்சன் ஸ்பைன்லெஸ்' வெண்டை, 'பிளாக் பியூட்டி' கத்தரி, 'ஃபுளோராடேட்' தக்காளி ஆகியன இந்த வகை.

இரண்டாவது, ஒவ்வொரு முறையும் அதே பெற்றோரை மறுபடி கலந்துதான். பாக்கெட்டில் 'எஃப்1' என்று இருப்பவை இவை. முதல் தலைமுறை சீராகவும் வீரியமாகவும் வரும். அதன் விதையை எடுத்து விதைத்தால் பெற்றோரின் குணங்கள் பிரிந்து சிதறும். பெற்றோர் பத்து மரபணுக்களில் மட்டும் வேறுபட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த தலைமுறைச் செடி ஒன்று அந்தப் பத்திலும் எஃப்1 செடியைப் போலவே அமையும் வாய்ப்பு 1024இல் 1. உண்மையில் பத்தோடு நிற்பதில்லை. என் அறுபது செடிகளுக்கு நேர்ந்தது இதுதான்.

மூன்றாவது, குச்சி, பதியன், ஒட்டுக்கன்று, கிழங்கு, கரணை. இங்கே ரகமோ கலப்போ கவலையில்லை. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படி.

3. பாக்கெட்டை வாசியுங்கள்

பெயர்ப்பலகையில் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது ரகப் பெயர். பெருக்கல் குறி இருந்தால் கலப்பினம் என்று பொருள். எஃப்1 இருந்தால் விதை எடுக்காதீர்கள். எதுவுமே இல்லாமல் வெறும் 'தக்காளி' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எட்டு ஆண்டு அனுபவத்தில் அப்படி வாங்கி நான் நன்மை கண்டதில்லை.

பொறிகள் மூன்று சொல்கிறேன்.

தக்காளிப் பாக்கெட்டில் ரகப் பெயருக்குப் பின்னால் 'வி', 'எஃப்', 'என்' என்று எழுத்துகள் வரும். இவை நோய் தாங்கும் திறனைக் காட்டுபவை. 'எஃப்' என்றால் ஃபியூசேரியம் வாடல், 'வி' என்றால் வெர்ட்டிசிலியம் வாடல், 'என்' என்றால் நூற்புழு. 'ரோமா விஎஃப்' என்பது கலப்பு அல்ல, சாதாரண ரகம். சில பாக்கெட்டுகளில் ஃபியூசேரியத்தின் பிரிவுகளைக் காட்ட எஃப்புக்குப் பக்கத்தில் 1, 2 என்ற எண்களும் இருக்கும்; அதை எஃப்1 என்று படித்து, எடுக்கத்தக்க விதையை எறிந்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது வணிகப் பெயர். 'பிங்க் லேடி' என்று ஆப்பிள் விற்கிறார்கள் அல்லவா? அது வணிகக் குறி. மரத்தின் ரகப் பெயர் 'கிரிப்ஸ் பிங்க்'. கன்று வாங்கும்போது வட்டத்துக்குள் ஆர் எழுத்து போட்ட பெயரை மட்டும் சொல்லி விற்றால், ரகப் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒரே வணிகப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்கள் விற்கப்படலாம்.

கடைசியாக, கலப்பு விதை என்றாலே மரபணு மாற்றியது என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டும் வேறு. கலப்பு என்பது மகரந்தத்தைப் பூவில் வைப்பதோடு முடியும் வேலை. இந்த நாட்டில் மரபணு மாற்றிய பயிராக வணிக அளவில் விளைவது மீலி என்று இங்கே சொல்லும் மக்காச்சோளமும் சோயாவும் பருத்தியும்தான். மக்காச்சோள விதை வாங்கும்போது மட்டும் இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் அங்கே கலப்பும் மரபணு மாற்றமும் ஒரே பையில் வரக்கூடும்.

பாக்கெட்டில் இருக்கும் லாட் எண், முளைப்புத் திறன், மருந்து தடவியதா என்ற குறிப்பு ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். முளைக்கவில்லை என்று முறையிடப் போனால் முதலில் கேட்பது லாட் எண்ணைத்தான்.

4. எந்தப் பயிருக்கு எதை வாங்குவது: செலவும் காலமும்

ஓ.பி. விதைப் பாக்கெட் சில பத்து ரேண்டில் கிடைக்கும்; கிராம் கணக்கில் விதை இருக்கும். கலப்பு விதையை எண்ணி விற்கிறார்கள். ஆயிரம் விதைக்குப் பல நூறு ரேண்ட், சிலவற்றுக்கு அதற்கும் மேலே போகும். பல பயிர்களில் கைகளால் ஒவ்வொரு பூவிலும் செய்த வேலைக்கு விலை அது, ஏமாற்று அல்ல. ஆனால் வீட்டுக் கொல்லையில் இருபது செடி வைப்பவருக்கு அந்த விலை திரும்பி வராது.

என் முடிவுகள் இவை. உங்கள் மண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

தக்காளி: இந்தக் கடற்கரைப் பகுதியில் கோடை மழைக்காலத்தில் இலைநோய்கள் விடாது. பிப்ரவரி அல்லது மார்ச்சில் விதைத்து, ஐந்தாறு வாரத்தில் நட்டு, குளிர்காலத்தில் பறிப்பதே நல்லது. செடி மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரென்று தலை சாய்ந்தால், தண்டின் அடியை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்போல் நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். மேலே சொன்ன 'எஃப்' எழுத்து இதற்குப் பயன்படாது, அது வேறு நோய். அப்படிப்பட்ட மண்ணுக்கு, அதைத் தாங்கும் 'ரோடேட்' என்ற உள்ளூர் ஓ.பி. ரகத்தைத் தேடிப் பாருங்கள். சந்தைக்குப் போடுபவர் அதே திறன் கொண்ட கலப்பை வாங்கலாம்.

முட்டைக்கோஸ்: யோசிக்காமல் கலப்பை வாங்குங்கள். முட்டைக்கோஸ் பூக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். டர்பன் குளிர்காலம் அதற்குப் போதாது. விதை எடுக்கவே முடியாத பயிரில், விதை எடுக்கலாம் என்பதற்காக ஓ.பி. ரகத்தை வாங்குவதில் பொருள் இல்லை.

வெண்டை, கத்தரி, கீரை: ஓ.பி. போதும். இவற்றில் கலப்புக்குப் பணம் கொடுத்து நான் கண்ட வித்தியாசம் சொற்பம்.

பாகல், பீர்க்கு, இங்கே காலபாஷ் என்றும் டோடி என்றும் விற்கும் சுரை: செப்டம்பர் முதல் விதைக்கலாம். இவற்றில் கடை விதையைவிடச் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் பழைய குடும்பங்கள் கொல்லையில் வைத்திருக்கும் விதை சிறந்தது. மூன்று நான்கு தலைமுறையாக இந்த மண்ணிலேயே தேறி வந்தது. பெயர் சூட்டிப் பதியாத ரகம் என்பதைத் தவிர அதில் குறை ஒன்றுமில்லை. கேட்டால் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். காய்த்ததும் முதல் காயைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நாற்றாக வாங்குவதானால் முன்பதிவு தேவை. 200 குழித் தட்டு என்பது வழக்கமான அளவு. ஆர்டர் கொடுக்கும்போதே ரகப் பெயரை எழுத்தில் கேளுங்கள். 'இருப்பில் இல்லாவிட்டால் வேறு தரலாம்' என்ற வரி சீட்டில் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. பழக்கன்று: பத்தாண்டு கழித்துத் தெரியும் பிழை

காய்கறியில் பிழைத்தால் ஒரு பருவம் போகும். பழமரத்தில் பிழைத்தால் வயது போகும். நான் ஒரு பண்ணையில் 'ஒட்டு' என்று நம்பி வாங்கிய மாங்கன்று, வீட்டுக்கு வந்து அடித்தண்டைத் தடவிப் பார்த்தபோது ஒட்டுத் தழும்பே இல்லாத விதைக்கன்றாக இருந்தது.

நீலம், பங்கனபள்ளி, மல்லிகா போன்ற பெரும்பாலான இந்திய மாம்பழங்களின் கொட்டையில் ஒரே கரு. அது மகரந்தத்தில் உண்டானது. ஆகவே கொட்டை போட்டால் தாயைப்போல் வராது. சில மாம்பழங்களின் கொட்டையில் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே வளர்பவை, தாயைப் போலவே வரும். தென்னாப்பிரிக்காவில் வேர்ச்செடியாகப் பயன்படும் 'சேபர்' இந்த வகை. வேர்ச்செடிகள் எல்லாம் ஒரே சீராக அமைவதற்காகவே அதைத் தேர்ந்திருக்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவை எல்லாம் சேபர்தான், உங்கள் ரகம் அல்ல; விரலால் கிள்ளி எறியுங்கள். விட்டால் சில ஆண்டில் மேல் மரத்தை அமுக்கிவிடும்.

லிச்சி வாங்கினால் பதியன் கன்று மட்டுமே வாங்குங்கள். இங்கே மிகுதியாகப் பயிராகும் ரகத்தின் பெயரே 'மொரீஷியஸ்'. பதியன் கன்று நான்கைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கலாம். விதைக்கன்று பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, கடைசியில் எப்படிப் பழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பில்லில் மூன்று செய்திகள் எழுதி வாங்குங்கள்: மேல் ரகம், வேர்ச்செடி ரகம், ஒட்டு அல்லது பதியன் என்ற குறிப்பு. எழுத மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்புங்கள். பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) பெட்ரோல் போட்டுப் போன செலவு மட்டுமே நட்டம்.

6. ஊரிலிருந்து விதை கொண்டுவர நினைப்பவர்களுக்கு

பெட்டிக்குள் சேலை மடிப்பில் வைத்துக் கொண்டுவராதீர்கள். என் மாமியார் ஆசையோடு எடுத்துவந்த பாகல் விதையும் முருங்கை விதையும் விமான நிலையத்திலேயே போயின. சட்டப்படி அது சரிதான். 1983ஆம் ஆண்டின் 36ஆம் சட்டமான வேளாண் பூச்சிகள் சட்டத்தின்கீழ், விதையோ குச்சியோ வருவதற்கு முன்பே இறக்குமதி அனுமதி வேண்டும். வரிசை முக்கியம்.

முதலில் பிரிட்டோரியாவிலுள்ள தேசிய வேளாண் துறையில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'கோ 2 கத்தரி' என்று ரகப் பெயரை மட்டும் எழுதினால் திரும்பி வரும். தாவரவியல் பெயர் கட்டாயம். பாகலுக்கு 'மொமோர்டிகா கரண்டியா', கத்தரிக்கு 'சொலானம் மெலோஞ்ஜினா', முருங்கைக்கு 'மொரிங்கா ஒலிஃபெரா'. விண்ணப்பத்தில் இவற்றை லத்தீன் எழுத்திலேயே எழுத வேண்டும். இரண்டு இனங்களைக் கலந்த பயிரானால் பெற்றோர் இருவரின் பெயரையும் குறிப்பிடுங்கள். எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு, விதையா குச்சியா என்பதும் வேண்டும்.

அனுமதி கையில் வந்தபின், அதில் உள்ள நிபந்தனைகளை அப்படியே ஊரில் விதை அனுப்புபவருக்கு அனுப்புங்கள். அவர் அவற்றைக் காட்டித்தான் இந்தியப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் தாவரநலச் சான்றிதழ் பெற வேண்டும். நிபந்தனையில் உள்ள உறுதிமொழிகள் அந்தச் சான்றிதழில் இடம்பெறாவிட்டால் சரக்கு இங்கே நிற்கும். சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு நாட்டுக் கட்டணமும் கூரியர் செலவும் சேர்ந்தால், ஒரு கைப்பிடி விதைக்கு அது கட்டுப்படியாகாது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் வரவழையுங்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. செப்டம்பர் விதைப்புக்கு வேண்டுமானால் ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

வந்த விதையைப் பெருக்கி விற்க எண்ணினால் கதை வேறு. இந்த நாட்டின் பயிர் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பயிர்களின் விதையை, ரகப் பட்டியலில் இடம்பெற்றிருந்தால்தான் விற்கலாம்.

7. உரிமை உள்ள ரகமா என்று பாருங்கள்

ரகம் என்றால் எல்லாருக்கும் பொது என்று நினைக்காதீர்கள். புதிதாய், தனித்து அறியத்தக்கதாய், சீராய், நிலையானதாய் இருக்கும் ரகத்துக்கு, அதை உண்டாக்கியவர் உரிமை பெறலாம். 1976ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம் மரங்களுக்கும் திராட்சைக்கும் 25 ஆண்டும் மற்றவற்றுக்கு 20 ஆண்டும் உரிமை வழங்கியது. அதற்குப் பதிலாக 2018இல் 12ஆம் சட்டம் இயற்றப்பட்டது. உரிமை உள்ள ஸ்ட்ராபெரியின் ஓடுதண்டை வெட்டிப் பக்கத்து வீட்டுக்கு விற்பது உரிமை மீறல். இதில் ஒரு வேடிக்கை உண்டு: எஃப்1 கலப்புக்கு இயற்கையே பூட்டுப் போட்டிருக்கிறது, யாரும் திருடிப் பயனில்லை; குச்சியில் பெருகும் ரகத்துக்குத்தான் சட்டத்தின் பூட்டு தேவைப்படுகிறது. உரிமைப் பதிவுகளைத் துறையின் தாவர ரக இதழில் வெளியிடுகிறார்கள். விற்பனைக்குக் கன்று பெருக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதில் தேடுங்கள்.

8. விதை எடுப்பது

ஓ.பி. ரகமே ஆனாலும், பக்கத்துச் செடியோடு கலந்துவிட்டால் அதுவும் கலப்பாகிவிடும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. சில அடி இடைவெளி போதும். கத்தரியும் மிளகாயும் தேனீயால் ஓரளவு கலக்கும்; விதைக்கு வைத்த கிளையில் பூ விரியும் முன் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் நட்டால் இந்த ஆண்டுக் குடைமிளகாயே காரமாகும் என்பது உண்மை அல்ல. காயின் சதை தாயுடையது, கலப்பு விதைக்குள் இருக்கும், அடுத்த ஆண்டுதான் தெரியும். மீலியில் மட்டும் கலப்பு அதே கதிரின் மணியில் தெரிந்துவிடும், ஏனென்றால் நாம் தின்பதே விதையை.

சுரைக்குக் கையால் மகரந்தம் வையுங்கள். அதன் வெள்ளைப் பூ மாலையில் விரியும். பகலிலேயே, விரியப் போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால் கட்டிவிட்டு, மாலையில் அவிழ்த்து, அதே ரகத்தின் வேறொரு கொடியின் ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூல் சுற்றுங்கள். பாகல் காலையில் விரியும்; முந்தைய மாலை கட்ட வேண்டும். பாகலும் பீர்க்கும் சுரையும் வெவ்வேறு இனங்கள், ஒன்றோடொன்று கலப்பதில்லை; ஒரே பந்தலில் ஏற்றலாம். இரண்டு வகைச் சுரையை மட்டும் ஒரே பந்தலில் ஏற்றாதீர்கள்.

தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு அலசிக் காயவையுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் நிழலில் காய்ந்தது என்று நம்பி மூடினால் பூசணம் பிடிக்கும். விதையை நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது, அதுவரை காயட்டும். வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து, விதையோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். புட்டியின்மேல் பயிர், ரகம், எடுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது என்ற நான்கையும் எழுதுங்கள். எஃப்1 செடியிலிருந்து ஆசைக்காக எடுத்த விதையானால் அதையும் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள், அடுத்த ஆண்டு வீட்டில் வேறு யாராவது எடுத்து விதைத்துவிடுவார்கள்.